ஆயம்மா வைத்த பெயர்

அந்தத் தொடக்கப் பள்ளியில் மணி அடிப்பது, வகுப்பு வகுப்பாகச் சுற்றறிக்கை கொண்டுபோவது, வாந்தி எடுத்த பிள்ளைக்கு முகம் கழுவிவிடுவது, தொலைந்த சாமான்களைப் பொறுக்கிச் சேர்ப்பது எல்லாம் ஆயம்மாவின் வேலை. பட்டப்பெயர் வைப்பது மட்டும் அவளாக இழுத்துப் போட்டுக்கொண்டது. அதற்குச் சம்பளம் கிடையாது. ஆனாலும் மற்ற வேலைகளைவிட அதில்தான் அவளுக்கு மனம் ஒன்றும்.

பிறந்த வீட்டிலிருந்தே அந்த வாய். அக்கா தங்கைகள் ஐந்து பேரில் இவள் நடுவில். பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்து முடிப்பதற்குள் ஆளுக்கொரு பெயர் தயாராக இருக்கும். கல்யாணமான மூன்றாம் நாளே தன் வீட்டுக்காரருக்கு 'ஸ்லோமோஷன்' என்று வைத்தாள். அந்த மனிதர் ஒரு வாரம் கழித்துத்தான் சிரித்தார்.

பள்ளிக்கு வந்த பத்தொன்பது வருடத்தில் இருநூறு பிள்ளைகளுக்காவது பெயர் வைத்திருப்பாள். இந்த வருடம் மூன்றாம் வகுப்பில் கால் தரையில் படாமல் ஓடுகிற பையன் 'எக்ஸ்பிரஸ்'. உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லோரையும் வேலை வாங்குகிற சிறுமி 'கலெக்டர்'. பெயர் கிடைத்த பிள்ளைகள் பதக்கம் வாங்கியது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்கள். யாராவது முகம் சுளித்திருந்தால் ஆயம்மா அதைப் பார்க்கவில்லை. கைதட்டல் கேட்கிறவளுக்கு வேறெது கேட்கும்?

அதே வகுப்பில் புதிதாக ஒரு சிறுமி சேர்ந்தாள். இரட்டைச் சடை, மெல்லிய குரல். முதல் வாரத்தில் ஒருநாள் டிபன் பையைக் கைகழுவும் இடத்திலும், மறுநாள் ஸ்வெட்டரை மைதானத்திலும் விட்டுவிட்டாள். இரண்டையும் எடுத்து வந்த ஆயம்மா வகுப்பு வாசலில் நின்று ராகம் போட்டு, "மறதி ராணீ, உங்க சாமானெல்லாம் வந்திருக்கு, வாங்கிக்குங்க" என்றாள். வகுப்பே சிரித்தது. சிறுமியும் சிரித்தாற்போல்தான் இருந்தது.

அதன்பிறகு அவளுடைய சாமான்கள் தினம் தினம் காணாமல் போயின. தண்ணீர் பாட்டில், பென்சில் டப்பா, ஒரு மழைநாளில் குடை, ஒருநாள் ஒற்றை ஷூ. ஆயம்மா சளைக்காமல் கண்டுபிடித்து, ஒவ்வொரு தடவையும் அதே ராகத்தில் கூப்பிட்டுக் கொடுத்தாள்.

இரண்டு மாதம் போனது. ஒரு புதன்கிழமை சிறுமியின் அம்மா வாசலில் வந்து நின்றாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். கடையில் போடும் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

"காலையில பையை பத்து வாட்டி திறந்து பாக்குறா ஆயம்மா. 'எனக்கு மறதி வியாதிம்மா, படிச்சாலும் மறந்துடும், ஸ்கூலுக்கு அனுப்பாதே'ன்னு அழுவுறா. சனிக்கிழமை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். அவர் என்ன சொல்றாரோ, அதுக்கப்புறம் இங்க அனுப்புறதா வேண்டாமான்னு யோசிக்கணும்."

ஆயம்மா வகுப்புக்குப் போய்ச் சிறுமியின் சாமான்களைப் பார்த்தாள். அன்றைக்கும் பாட்டிலைக் காணோம். தேடியதில் தாழ்வாரத்து அலமாரியின் உச்சியில், சுவரோடு ஒட்டிக் கிடந்தது. ஸ்டூல் போட்டு ஏறித்தான் எடுத்தாள். பாட்டிலைக் கையில் பிடித்தபடி அந்த ஸ்டூல் மேலேயே சற்று நேரம் நின்றாள். தனக்கே எட்டாத உயரத்தில் எட்டு வயதுப் பிள்ளை எப்படி மறந்து வைக்கும்? இந்தக் கேள்வி ஒரு மாதத்துக்கு முன்னாலேயே வந்திருக்க வேண்டாமா?

மறுநாள் இடைவேளை மணியை அடித்துவிட்டு, துடைப்பம் வைக்கும் அறைக் கதவை ஒருக்களித்து மூடிக்கொண்டு உள்ளே நின்றாள். கலெக்டர் கண்ணைக் காட்ட, எக்ஸ்பிரஸ் ஜன்னல் திண்டில் கால் வைத்து ஏறி, ஒரு பென்சில் டப்பாவை அலமாரி மேல் தள்ளினான். கீழே நின்ற நாலைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டு, "மறதி ராணீ" என்று இழுத்தார்கள். ராகம் அச்சு அசல் அவளுடையது. ஆயம்மாவுக்குக் காது கூசியது.

நேராகத் தலைமை ஆசிரியையிடம் போய் ஒன்று விடாமல் சொன்னாள். அந்த அம்மாள் கூச்சல் போடுகிற ஆள் இல்லை. வகுப்பின் முன்னால் நிறுத்தி யாரையும் அவமானப்படுத்தவும் இல்லை. ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துப் பேசினாள். பெற்றவர்களை வரவழைத்தாள். இடைவேளையில் இனி அந்தத் தாழ்வாரத்தில் ஓர் ஆசிரியர் நிற்க வேண்டும் என்றாள். எக்ஸ்பிரஸ் அழுதுவிட்டான். கலெக்டர் மட்டும் ஒரே பிடியாக நின்றாள்.

"அவ மறக்குறவதானே மிஸ்? ஆயம்மாவே சொன்னாங்களே. நாங்க விளையாட்டுக்குத்தான் செஞ்சோம்."

தலைமை ஆசிரியை ஆயம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வெள்ளிக்கிழமை மாலை வாசலில் அம்மாவும் மகளும் கைகோத்துக் கிளம்பும்போது ஆயம்மா குறுக்கே போய் நின்றாள். பேச்சுக்குப் பஞ்சமே இல்லாத அந்த வாய் அன்றைக்குத் தடுமாறியது.

"உங்க பொண்ணுக்கு மறதி கிடையாதும்மா. மத்த பசங்க அவ சாமானை எடுத்து ஒளிச்சு வெச்சிருக்காங்க. பெரிய டீச்சர் விசாரிச்சு முடிச்சுட்டாங்க, உங்களுக்கும் போன் பண்ணுவாங்க. ஆனா மறதி ராணின்னு பேர் வெச்சது நான். அதை நானே சொல்லணும்னு வந்தேன்."

அம்மா வாய் திறக்குமுன் சிறுமி தன் இடது உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். நீல மையில் பொடிப்பொடியாக, மறக்காமல் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டிய சாமான்களின் பட்டியல். தினமும் காலையில் எழுதிக்கொண்டு வருவாளாம்.

"பாட்டில்?" என்று கேட்டாள்.

"ஒளிச்சு வெச்சாங்க கண்ணு."

"டப்பா?"

"அதுவும்தான்."

"ஷூ?"

"அதையும்தான்."

"குடை?"

ஆயம்மா யோசித்தாள். இல்லை என்று சொல்லிவிட நாக்கு வரை வந்தது. "குடை மட்டும் நீயே விட்டுட்டுப் போனதுதான். மழை நின்னுச்சுன்னா நானும் விட்டுட்டுத்தான் போவேன்."

அதைக் கேட்ட பிறகுதான் சிறுமிக்கு மற்ற மூன்றின் மேலும் நம்பிக்கை வந்தது. முகம் இளகியது. உடனே அடுத்த கேள்வியும் வந்தது.

"அப்ப ஏன் எனக்கு அந்தப் பேர் வெச்சீங்க?"

"எல்லாரும் சிரிப்பாங்கன்னு வெச்சேன். உனக்குச் சிரிப்பு வருதான்னு பாக்கல. தப்பு என்னோடது. என்னை மன்னிச்சுடு." சொல்லும்போதே ஆயம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

சிறுமி மறுபடி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். அம்மா ஆயம்மாவை ஒரு பார்வை பார்த்தாள், அதில் கோபம் குறையவில்லை. பிறகு கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, குனிந்து, மகளின் உள்ளங்கையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"நாளைக்கு டாக்டர் வேண்டாம். திங்கட்கிழமை ஸ்கூலுக்குப் போறியா?"

"போறேன்" என்றாள் சிறுமி. பிறகு கையைச் சற்று இழுத்துக்கொண்டாள். "குடையை மட்டும் அழிக்காதம்மா."