எது கட்டாயம்

லிந்துலைக்கு மேலே ஒரு தோட்டத்துக் கிளினிக் வாசலில், துவாயில் சுற்றிய பிள்ளைகளோடு தாய்மார் மழைக்கு ஒதுங்கி நின்ற காட்சி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. ஊசி போடும் நாள் அது. உள்ளே கணினித் திரையில், மென்பொருளை ஏற்ற முடியவில்லை என்று சிவப்பு எழுத்தில் ஒரே ஒரு வரி. அந்த வரிக்குக் காரணம் நான்.

ஹட்டனில் புடவைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் சிறிய அலுவலகத்தில், பிள்ளைகளின் ஊசி விவரங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருளை நானும் என் தோழியும் எழுதிக்கொண்டிருந்தோம். ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். எந்த மென்பொருளும் தனியாக வருவதில்லை. வரைபடம் போட ஒன்று, அச்சடிக்க ஒன்று, தமிழ் எழுத்தைத் திரையில் காட்டும் எழுத்துருவுக்கு ஒன்று என்று துணைப் பகுதிகளையும் இணையத்திலிருந்து இழுத்துக்கொண்டு வரும். அவற்றில் எது கட்டாயம், எது இருந்தால் நல்லது என்று எழுதுவது எங்கள் பொறுப்பு. கட்டாயம் என்று எழுதியதில் ஒன்று கிடைக்காவிட்டாலும் மென்பொருள் ஏற மறுத்துவிடும். எல்லாவற்றையும் கட்டாயமாக்கினால் எங்கும் ஒரே மாதிரி இருக்கும், முறைப்பாடு வராது என்பது என் கட்சி. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அந்தமுறை பட்டியலை எழுதியவன் நான்தான்.

அன்று கிளினிக்கின் கணினி பழுதாகி, ஊசி போடும் மருத்துவமாது வேறொன்றில் மென்பொருளை ஏற்றப் பார்த்திருக்கிறார். மழையில் சிக்னல் விட்டு விட்டு வர, எடையை வரைபடமாகக் காட்டும் பகுதி மட்டும் இறங்கவில்லை. அதனால் எதுவுமே ஏறவில்லை. அவர் போனில் சொல்லி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாதித் தாய்மார் திரும்பிப் போயிருந்தார்கள். "யாருக்கு எந்த ஊசின்னு பார்க்காம எப்படிங்க போடுறது?" என்று கேட்டார் மருத்துவமாது. அவர் குரலில் கோபம்கூட இல்லை.

தோழி தன் மடிக்கணினியைத் திறந்தாள்; அதில் மென்பொருள் முழுதாக இருந்தது. கிளினிக்கில் பென்டிரைவில் எடுத்து வைத்திருந்த பிள்ளைகளின் விவரங்களை அதில் ஏற்றி, துணைப் பகுதிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஒவ்வொரு முறையும் அடுத்த பிள்ளையைக் கூப்பிடச் சொல்லி, மருத்துவமாதுவின் கை எங்கே தடுமாறுகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றாள். வரைபடத்தை எடுத்தாள், வேலை நடந்தது. அச்சுப் பகுதியை எடுத்தாள்; அவர் அட்டையில் பேனாவால் எழுதிக்கொண்டார். தமிழ் எழுத்துருவை எடுத்தபோது மென்பொருள் குறையில்லாமல் ஓடியது, பெயர்கள் மட்டும் வெற்றுக் கட்டங்களாயின. அவர் கை அப்படியே நின்றது.

ஓடுகிறதே, அதைக் கட்டாயமில்லை என்று போட்டால் என்ன என்றேன்.

"புரோகிராம் ஓடுது. அவங்க வேலை ஓடலையே," என்றாள். "பேர் தெரியலைன்னா எந்தப் பிள்ளைன்னு எப்படித் தெரியும்? இது கட்டாயம். மத்ததெல்லாம் கிடைச்சா வரட்டும்."

இத்தனை வருடம் படித்தும், கணினிக்கு என்ன வேண்டும் என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் எழுத்துருவைத் திரும்பச் சேர்த்து, அங்கேயே நின்றபடி என் பட்டியலைத் திருத்தினாள். மருத்துவமாது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு ஆள் அனுப்ப, திரும்பிப் போன தாய்மார் மாலைக்குள் வந்து சேர்ந்தார்கள்.

தோழி இப்போது கொழும்பில் பெரிய அலுவலகம் ஒன்றில் இருக்கிறாள். சென்ற மழைக்காலத்தில் அதே மருத்துவமாது எனக்குப் போன் செய்தார். மறுபடி கணினி மாற்றினார்களாம். வரைபடம் வரவில்லையாம், ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊசி போட்டாயிற்றாம். உடனே தோழியை அழைத்துச் சொன்னேன்.

"பேரெல்லாம் தெரிஞ்சுச்சாமா?" என்று மட்டும் கேட்டாள்.