நாத்தனாரின் கண்

வீடு பார்க்க வந்த இரண்டு பேரும் காரணம் சொல்லாமலே போய்விட்டார்கள். மூன்றாவது ஆள் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். கொத்தனாருக்கு இரண்டு நாள்தான் ஒழிவு. எதைச் சரிசெய்யச் சொல்வது என்று வீட்டை விற்க நினைத்த தையல்காரிக்குத் தெரியவில்லை. பதினெட்டு வருடம் குடியிருந்தவள் கண்ணுக்கு ஒரு குறையும் படவில்லை.

குறை கண்டுபிடிக்க அவள் கணவனின் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. அவளை வரவழைத்து, விற்கப்போகிற விஷயத்தைச் சொன்னாள்.

நாத்தனார் சுவரைத் தடவினாள். "என் தம்பி பார்த்துப் பார்த்துக் கட்டின வீடு. இதுல என்னம்மா குறை?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தையல்காரி கொஞ்ச நேரம் யோசித்தாள். "சரிக்கா, விக்கலை. இத்தனை வருஷம் நான் கண்ணும் கருத்துமா வச்சிருந்த வீடு, நாங்களே இருந்துக்கறோம்."

"யாரு, நீயா?" நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "குளியலறைல தண்ணி வெளிய போகாம, உன் பேச்சு மாதிரி சுத்திச் சுத்தி நிக்குது. சமையலறைச் சுவரு ஊறிப்போய் உப்புப் பூத்திருக்கு. வாசப்படி ஆடுது. உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் நான் உள்ளயே வர்றேன்."

தையல்காரி அளவு நோட்டை எடுத்து மூன்றையும் வரிசையாக எழுதிக்கொண்டாள்.

"அப்புறம் அக்கா?" என்றாள்.