வெயிலில் நின்ற ஏலத்தோட்டம்

1. பதினோரு நிமிடம்

எழுதிக் கொடுத்தால் வீடியோ செய்து தரும் ஏ.ஐ. கருவியை முதன்முதலில் தொட்ட அன்று, ஒரு ரீல் பதினோரு நிமிடத்தில் முடிந்தது. அதற்கு முன் ஒரு ரீலுக்கு எனக்கு இரண்டு நாள் ஆகும்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். கல்யாண வீடியோவுக்கு லைட் பிடிக்கப் போனேன். பிறகு கேமரா கைக்கு வந்தது. கல்யாண வேலை குறைந்ததும் போனில் ரீல் எடுக்க ஆரம்பித்தேன். உடும்பஞ்சோலையைச் சுற்றியுள்ள ஹோம்ஸ்டே, ஜீப் சவாரி, ஏலக்காய் நர்சரி, இவர்கள்தான் என் கஸ்டமர்கள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி கேட்பதால் இதை எழுதி வைக்கிறேன்.

இரண்டு நாள் ஏன் ஆகும்? மேலே போனால் மூடுபனி. பனி விலகினால் மழை. மழை விட்டால் ஜீப் இருக்காது. இதெல்லாம் முடிந்து எடிட்.

கருவியில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு தடவைக்கு எட்டு செகண்ட் கிளிப் தரும். நாலு கிளிப் சேர்த்தால் ஒரு ரீல். எனக்கு இங்கிலீஷ் வராது. தமிழில் பேசுவேன், போன் அதை மாற்றிக் கொடுக்கும். அதற்குப் பெயர் பிராம்ட். ஒரு கிளிப்பில் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும். ஆள் நடக்கவும் வேண்டும், ஜீப் திரும்பவும் வேண்டும் என்றால் இரண்டும் கெடும். போர்டு, பெயர்ப்பலகை கேட்கக் கூடாது. எழுத்தைக் கிறுக்கிவிடும். இவ்வளவு தெரிந்தால் வேலை ஓடும்.

எனக்கும் ஓடியது.

2. தலையில் காய்த்தது

மழைக்கு முன்னால் நர்சரிக்கு சீசன். ஏல நாற்று அப்போதுதான் போகும். நர்சரி முதலாளி ஜோயிச்சன் போன் செய்தார். மலையாளம் கலந்த தமிழ் அவருடையது.

"கணேசா, நாளைக்கு ரீல் வேணும். போன வருஷம் நீ எடுத்தது ஒரே இருட்டு. செடி எது, பாறை எதுன்னு மனசிலாகல."

"தோட்டத்துக்குள்ள இருட்டுதான முதலாளி?"

"அது எனக்குத் தெரியும். பாக்குறவனுக்குத் தெரியுமோ?"

கருவியிடம் ஏலத்தோட்டம் கேட்டேன். வந்தது. நர்சரியில் வேலை செய்யும் பேச்சியம்மாளிடம் காட்டினேன். பார்த்தவள் கையிலிருந்த நாற்றுக் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"கணேசண்ணே, இது ஏலக்காயா, திராட்சையா?"

செடியின் உச்சியில் கொத்துக்கொத்தாகக் காய் தொங்கியது. ஏலக்காய் அப்படிக் காய்க்காது. செடியின் அடியிலிருந்து சரம் கிளம்பித் தரையை ஒட்டிப் படரும். காய் அந்தச் சரத்தில் இருக்கும். பெண்கள் தரையில் உட்கார்ந்துதான் எடுப்பார்கள்.

"பொம்பளைகள்லாம் ஜம்முனு நின்னுக்கிட்டு எடுக்குறாளுக. அந்தத் தோட்டத்துல ஆள் வேணும்னா சொல்லுங்க, நான் நாளைக்கே போயிருதேன்."

பிராம்டை மாற்றினேன். தரையை ஒட்டி, சரத்தில், அடியில் என்று பதினாலு தடவை சொன்னேன். காய் கீழே வரவில்லை. ஒரு தடவை வேரில் வந்தது, உருளைக்கிழங்கு மாதிரி.

கடைசியில் போன வருஷம் நான் எடுத்து வைத்திருந்த குளோசப்பைச் சேர்த்தேன். டார்ச் அடித்து எடுத்த அசல் சரம், அசல் காய். மற்ற மூன்று கிளிப்பும் ஏ.ஐ. அதில் காயே வேண்டாம், தூரத்தில் செடி மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன். ஜோயிச்சன் சொன்னதை நினைத்து இன்னொன்றும் சொன்னேன். "நல்ல வெயில். வெளிச்சம் நிறைய."

வெளிச்சம் கேட்பது எனக்குப் பழக்கம். இருபது வயதில் லைட் பிடித்தவன்.

பரந்த நிலம், வரிசை வரிசையாக ஏலச்செடி, மேலே நீல வானம், நடுவே பளிச்சென்று என் குளோசப். பேச்சியம்மாள் மறுபடி பார்த்தாள். "இப்ப காய் சரியா இருக்கு" என்றாள். ஜோயிச்சன் "இது படம்" என்றார். வெயிலைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஏலத்துக்கு நிழல் வேண்டும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை.

நான் செய்த ரீல்களில் அதிகம் ஓடியது அதுதான்.

3. "அந்தத் தோட்டம் எங்கீங்க?"

பத்து நாள் கழித்து நர்சரியில் நாற்றைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் தோளில் பையோடு வந்தார். பெயர் வேலுச்சாமி. ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே வடகரப்பதி. முந்தின நாளே கிளம்பி, பொள்ளாச்சி, உடுமலை, மூணாறு என்று நாலு பஸ் மாறி வந்திருக்கிறார். ஒரு ஏக்கருக்கு நாற்று வேண்டுமாம். ஜோயிச்சன் சந்தோஷமாக உள்ளே போய் நாற்று எண்ணச் சொன்னார்.

வேலுச்சாமி மேலே பார்த்தார். நர்சரிக்குப் பின்னால் தோட்டம். பெரிய மரங்கள். வானம் தெரியாது.

"ஏனுங்க, இங்க வெயிலே உழுகாதுங்களா?"

"விழாது அண்ணாச்சி. விழுந்தா செடி கருகிரும்."

அவர் போனை எடுத்தார். அதில் சேமித்து வைத்திருந்த என் ரீலை ஓட்டிக் காட்டினார்.

"அப்பறம் இதுல நல்லா வெயில் அடிக்குதுங்களே. இந்தத் தோட்டம் எங்கீங்க இருக்குது? அதப் பாக்கத்தானுங்க வந்தேன்."

"அது இல்ல அண்ணாச்சி."

"இல்லீன்னா? வித்துப்போட்டாங்களா?"

"இல்லவே இல்ல. நான் செஞ்சது. வாயால சொன்னேன், மெஷின் படமாக் குடுத்துருச்சு."

அவர் என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார்.

"காய் நெசமாட்டம் இருக்குதுங்களே."

"காய் நெசந்தான். தோட்டந்தான் பொய்."

அவர் போனைப் பையில் வைத்தார். பிறகு சொன்னார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"நம்ம காட்டுல தென்னை நிக்குதுங்க. படத்துல ஒத்தை மரம் இல்லீங்களே, நெழலு ஆகாதாட்டம் இருக்குதுன்னு மூணு மரத்தை வெட்டிப்போட்டேனுங்க. மிச்சத்த வெட்ட இன்னிக்கு ஆள் வருதுங்க."

"காய்ச்சுக்கிட்டு இருந்த மரமா?"

"காய்ச்சுட்டுத்தானுங்க இருந்துது."

மணி பார்த்தேன். பத்து ஆகப்போகிறது.

"ஆள் எத்தனை மணிக்கு?"

"பத்துக்கு வாரேன்னானுங்க."

4. வளைவு

நர்சரியில் சிக்னல் கிடையாது. ரோட்டு மேல் வளைவுக்குப் போனால்தான் கிடைக்கும். அவரை பைக்கில் ஏறச் சொன்னேன். ஜோயிச்சன் உள்ளேயிருந்து வந்தார்.

"எங்க கூட்டிட்டுப் போற? நாத்து எண்ணிட்டிருக்கு."

"இவரு ஊர்ல ஏலம் வராது முதலாளி."

"நீ படம் எடுக்க வந்தா படம் எடு."

வேலுச்சாமி வண்டியில் உட்கார்ந்தபடியே கேட்டார். "நீங்களே சொல்லுங்க. எங்கூர்ல சித்திரை மாசம் கால் வெக்க முடியாதுங்க, மண்ணு சுடும். மழையும் கம்மி. போர்த் தண்ணி இருக்குது. வருங்களா, வராதுங்களா?"

ஜோயிச்சன் உள்ளே நாற்று எண்ணுகிறவர்களைத் திரும்பிப் பார்த்தார். வியாபாரம் அவருக்கு வேண்டும். ஆனால் அவரும் செடி வைத்துப் பிழைக்கிறவர்.

"வரில்ல. வராது" என்றார். என்னைப் பார்க்காமல் உள்ளே போனார்.

வளைவில் இரண்டு கோடு சிக்னல் வந்தது. வேலுச்சாமி வீட்டுக்குப் போன் போட்டார். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அவர் மனைவி எடுத்தார். ஸ்பீக்கரில் கேட்டது.

"ஏ புள்ளே, ஆள் வந்துட்டானா?"

"வந்து மரத்து மேல ஏறிட்டானுங்க."

"எறங்கச் சொல்லு."

"ஏனுங்க?"

"எறங்கச் சொல்லுன்னா சொல்லு. வெட்ட வேண்டாம்."

அந்தப் பக்கம் மனைவி சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுவது கேட்டது. அரிவாள் சத்தம் கேட்டது. இன்னொரு தடவை கூப்பிட்டார். சத்தம் நின்றது.

"எறங்கீட்டான். இளசா ஒரு மட்டை போச்சு, குருத்துக்கு ஒண்ணும் ஆகல. இதச் சொல்லத்தான் நாலு பஸ் ஏறிப் போனீங்களாக்கும்?"

"ஆமா" என்றார் வேலுச்சாமி. போனை வைத்தார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். பஸ் வரும்வரை ரோட்டோரம் நின்றோம்.

"மூணு மரமுங்க" என்றார் ஒரு தடவை. அவ்வளவுதான்.

5. டெலிட்

மத்தியானம் ஜோயிச்சன் வீட்டுக்குப் போனேன். அந்த ரீலை எடுத்துவிட வேண்டும் என்றேன்.

"ஓடுற வண்டியை நிப்பாட்டவா?"

"இன்னொருத்தன் பாத்து இன்னொரு தோட்டத்தை வெட்டுவான்."

"எல்லாரும் அவனை மாதிரியாடா?"

"நான் வெயில் அடிக்கச் சொன்னது தப்பு."

அவர் வேண்டாம் என்றார். ரீல் போடும் நர்சரி பேஜ் என் போனில்தான் இருந்தது. அவர் முன்னாலேயே டெலிட் செய்தேன். ஏ.ஐ. என்று ஓரத்தில் போட்டால் போதாதா என்று பிறகு சிலர் கேட்டார்கள். அந்த எழுத்தை வேலுச்சாமி படித்திருக்க மாட்டார். நானும் படித்திருக்க மாட்டேன்.

அந்த சீசன் முழுக்க ஜோயிச்சன் கூப்பிடவில்லை. அடுத்த சீசனுக்குக் கூப்பிட்டார். ஒரே ஒரு கேள்விதான். "நெழல் இருக்குமா?"

6. இப்போது செய்வது

கருவியை விடவில்லை. அதனால்தான் ஒரு நாளில் மூன்று ரீல் முடிகிறது. ஜீப் மலையேறுவது, பனி நகர்வது, தேநீரில் ஆவி வருவது, இதெல்லாம் கருவியில் செய்கிறேன். விற்கிற பொருளையும், அது நிற்கிற இடத்தையும் நேரில் போய் எடுக்கிறேன். இருட்டாக இருந்தால் இருட்டாகவே இருக்கட்டும். எங்களுடைய இடம் அப்படித்தான்.

முடிந்த ரீலை இரண்டு பேருக்குக் காட்டிய பிறகுதான் போடுகிறேன். ஒருவர் அந்த வேலை தெரிந்தவர். அது பேச்சியம்மாள். படத்தில் என்ன தப்பு என்று அவள் சொல்லிவிடுவாள். இன்னொருவர் அதைப் பற்றி ஒன்றுமே தெரியாதவராக இருக்க வேண்டும். படத்தைப் பார்த்துவிட்டு என்ன செய்யத் தோன்றுகிறது என்று அவரிடம் கேட்க வேண்டும். தெரிந்தவர் கண்ணுக்குப் படாத தப்பு அங்கேதான் வெளியே வரும். இந்த வேலைக்கு வருகிறவர்கள் இந்த இரண்டாவது ஆளைத் தேடிக்கொள்ளுங்கள்.

எனக்கு அந்த ஆள் வேலுச்சாமி. அன்று பஸ் வரும்முன் வாங்கிய நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். காடு வேலை முடிந்து சாயங்காலம் பார்ப்பார். போன வாரம் ஒரு மிளகு நாற்று ரீல் அனுப்பினேன். குரலில் பதில் வந்தது.

"நல்லா இருக்குதுங்க. மரம் எதையும் வெட்ட வேண்டியதில்லீங்களே?"

வேண்டியதில்லை, மிளகுக் கொடி ஏற மரம் வேண்டும் என்று சொன்னேன். அந்த வரியை ரீலிலும் சேர்த்தேன்.