ஒரு மணிநேரம் பிந்திய சூரியன்

அண்ணை அன்று பிற்பகல் வெயிலில் தூக்கிப் பிடித்திருந்த, சூரியனை வைத்து நேரம் பார்க்கும் பித்தளை அஸ்ட்ரோலேப், கோடைகால நேர மாற்றத்தைக் கழித்த பிறகும் கடிகாரத்துக்கு ஒரு மணிநேரம் பிந்திக் காட்டியது. லண்டனில் ஒரு கல்லூரியில் இடைக்கால வானியலைச் சனிக்கிழமை வகுப்பாக நான் நடத்திவந்த காலம் அது. பழைய கையெழுத்துப் பிரதிகளின் படங்களை மேசையில் விரித்து, அந்தக் காலக் கருவிகளின் மாதிரிகளைக் கையில் கொடுத்து, சூரியனின் உயரத்திலிருந்து நேரம் கணிக்கச் சொல்வேன்.

நான் அண்ணை என்று கூப்பிட்ட அந்த மாணவர் வெம்பிளியில் பஸ் ஓட்டுபவர். அதிகாலை ஷிப்ட் முடிந்து சீருடையோடே வருவார். ஊரில் பல்கலைக்கழகப் படிப்பை உள்நாட்டுப் போரால் பாதியில் விட்டவர். இங்கே பட்டப்படிப்பில் சேர என்னிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டிருந்தார். ஐம்பது வயதில் எதற்கு என்றதற்கு, "தொடங்கினதை முடிக்கோணும் ரீச்சர்" என்றார்.

அன்று சித்திரை வருடப்பிறப்பு. பஞ்சாங்கப்படி சூரியன் மேட ராசிக்குள் நுழையும் நாள். அண்ணையும் கருவியின் ராசி வளையத்தில் சூரியனை மேடத்தின் முதல் கோட்டில் வைத்துவிட்டார். அந்தக் கருவியிலோ மேடம் மார்ச்சிலேயே, பகலும் இரவும் சமமாகும் நாளில் தொடங்கிவிடும். ஒரு மணிநேரம் பிந்தியது அதனால்தான். எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் விடமுடியாத பிழை.

மற்றவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தமிழர் என்றாலே சாதகம் பார்க்கும் சாத்திரக்காரர் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்தேன். "அண்ணை, இது சாத்திரம் பாக்கிற இடமில்லை" என்று சொல்லி, அதையே ஆங்கிலத்திலும் சொல்லிச் சிரித்தேன். வகுப்பும் சிரித்தது.

"நாங்கள் நட்சத்திரத்தில இருந்தெல்லோ எண்ணுறம் ரீச்சர்..." என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "ஓம், பிழைதான்" என்று கருவியை மேசையில் வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. கடிதமும் கேட்கவில்லை. வேறொரு கணக்கில் அவர் சரியாகத்தான் இருந்தார் என்பது வகுப்பு சிரித்த அன்றே, வீடு திரும்பும் ரயிலில் எனக்குத் தெரிந்துவிட்டது. நாங்கள் படித்துக்கொண்டிருந்த பிரதியின் அடுத்த பக்கமே, நட்சத்திரத்திலிருந்து எண்ணும் மேடத்துக்கும் சமநாளிலிருந்து எண்ணும் மேடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றியதுதான். அவருடைய தொலைபேசி எண் என்னிடம் இருந்தது. படிப்பித்தவள் என்ற கெப்பர், அந்த வீண் பெருமை, என்னைப் போன் எடுக்க விடவில்லை. அவர் பட்டப்படிப்பில் சேர்ந்தாரா என்று இன்றுவரை தெரியாது.

இப்போது ஒவ்வொரு சித்திரையிலும் பஞ்சாங்கத்தையும் அஸ்ட்ரோலேப்பையும் அருகருகே வைத்து அந்த இரண்டு மேடங்களையும் விளக்குகிறேன். மாணவர்களுக்கு மிகவும் பிடித்த வகுப்பு அதுதான். போன முறை பின்வரிசையில் இருந்து பார்த்த துறைத் தலைவர், முடிந்ததும் என் கையைக் குலுக்கி, இந்த அருமையான யோசனை யாருடையது என்று கேட்டார்.

என்னுடையது என்றேன், வாய் கூசாமல்.