நெயில் பாலிஷ் வைத்த எஞ்சின்

கார் பட்டறைக்குப் போனால் நம் வண்டியிலிருக்கும் நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு ஓட்டை சாமானை மாட்டிவிடுவார்கள் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். சொன்னவர் டீக்கடையில் பழக்கமானவர். அவரிடம் சைக்கிள்கூடக் கிடையாது.

வண்டி கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அதியமான்கோட்டை பட்டறையில் விடுவதற்கு முந்தின நாள், மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷை நைசாக எடுத்து வந்து பானெட்டைத் திறந்தேன். பேட்டரி, ரேடியேட்டர், டைனமோ என்று கைக்கு எட்டியதற்கெல்லாம் ஒரு பொட்டு. சாமானை மாற்றினால் பொட்டு காணாமல் போகும், பிடித்துவிடலாம். எஞ்சின் அம்மை வார்த்த குழந்தை மாதிரி இருந்தது.

மறுநாள் சட்டைப்பையில் மனைவி சீட்டு எடுத்த பணம். பட்டறை வேலை முடிந்ததும் அப்படியே தருமபுரி போய் வாஷிங் மெஷின் வாங்க வேண்டும். "பட்டறையில தொலைச்சுட்டு வந்தீங்கன்னா, வூட்டுத் துணி மொத்தமும் நீங்கதான் தொவைக்கணுங்க" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

பட்டறை முதலாளி பாய் தொழுகைக்குப் போயிருந்தார். வண்டியை மெக்கானிக்கிடம் விட்டு டீ குடித்து வந்தேன். அதற்குள் அவர் கணக்குப் போட்டு முடித்திருந்தார். பேட்டரி மாற்றணும், ரேடியேட்டர் மாற்றணும், டைனமோ மாற்றணும். அவர் சொல்லிக்கொண்டே போக, எனக்குக் கண் முன்னே துவைகல்லும் போர்வைகளும் தெரிந்தன. தப்பித்து ஓடிவிடலாம் என்று பாய்ந்து சீட்டில் உட்கார்ந்தேன். சாவி மெக்கானிக் பையில் இருந்தது.

கொள்ளை நடக்கிறது என்று சொல்ல மனைவிக்குப் போன் போட்டேன். அவசரத்தில் விரல் ஸ்பீக்கரையும் தட்டிவிட்டது. நான் வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"என் செவப்பு நெயில் பாலிஷ் எங்க? நேத்து நீங்கதான பீரோகிட்ட நின்னீங்க?"

தொழுகை முடிந்து உள்ளே வந்த பாய் அதைக் கேட்டார். எஞ்சினைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்க பட்டறையில மாத்த வேண்டிய சாமானுக்குத்தான் செவப்புப் பொட்டு வெப்பேன். முன்னாடியே எப்பவோ நான் பாத்து வெச்சதுன்னு நெனச்சு இவரு வெலை போட்டுட்டாரு. நீங்க எதுக்கு சார் வெச்சீங்க?"

"கண்ணு படக்கூடாதுன்னு, பாய்."

"பானெட்டுக்கு உள்ளயா?"

மெக்கானிக் சிரிப்பை அடக்க ஸ்பேனரைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

தளர்ந்திருந்தது ஒரு பெல்ட். அதை இறுக்கினார்கள், இறுக்கிய கூலியை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். வாஷிங் மெஷின் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்தது.