சம்பங்கி சார் எண்ணிய ஆட்கள்

செவ்வாய்க்கிழமை காலை கிளை நூலகத்தின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி சிணுங்கியது. அலுவலகக் குழுவில் கன்னடத்தில் ஒரே வரி: "சம்பங்கி சார் இன்னில்லா." பாதி தூக்கிய ஷட்டரை அப்படியே விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். சார் இனி இல்லை என்பது மனதில் இறங்குவதற்குள் குழுவில் கும்பிடும் கைகள் வரிசையாக வர ஆரம்பித்துவிட்டன. நாற்பதுக்கு மேல் இருக்கும். சிலர் இரண்டு முறை கும்பிட்டிருந்தார்கள். அவர் இருந்திருந்தால் அந்த இரண்டாவது கும்பிடுகளைக் கழித்துவிட்டுத்தான் எத்தனை பேர் என்று சொல்லியிருப்பார். அந்த நினைப்பு வந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைப் பற்றிப் புதிதாக நான் என்ன சொல்லிவிடப் போகிறேன்? தலைமை அலுவலகத்தில் புள்ளிவிவரப் பிரிவு, ஜன்னலோர மேஜை, கட்டம் போட்ட சட்டை. பிறந்ததும் வளர்ந்ததும் தொம்மலூர். பேச்சு தமிழில், கோப்பு கன்னடத்தில். எண்ணும்போது மட்டும் உதட்டுக்குள் கன்னடம் ஓடும். ஒவ்வொரு கிளையிலும் நடக்கும் நிகழ்ச்சிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்கெடுத்து மேலே அனுப்புவது அவர் வேலை. நீங்கள் எல்லோரும் அவரோடு மரியாதையாகப் பழகினீர்கள். சண்டை போட்டவள் நான். அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் வேறு சரக்கு இருக்கும்.

நோய்க் காலத்தில் நூலகங்களை மூடியபோது, சனிக்கிழமை மாலை இணையத்தில் 'தமிழ்க் கதை நேரம்' என்று ஒன்றை ஆரம்பித்தேன். நான் ஒரு கதையை வாசிப்பேன், பிறகு அதைப் பற்றிப் பேசுவோம். அன்று வர முடியாதவர்களுக்காகப் பதிவை நூலகத்தின் காணொளிப் பக்கத்தில் போட்டுவிடுவோம். நூலகம் திறந்த பிறகும் அது நிற்கவில்லை. மாதம் முடிந்ததும் நேரலைக்கு எத்தனை பேர், பதிவைப் பார்த்தது எத்தனை பேர் என்று படிவத்தில் நிரப்ப வேண்டும். முதல் தடவை அனுப்பிய மறுநாளே சார் போன் பண்ணினார்.

"ஸ்டெல்லா மேடம், உங்க லிஸ்ட்ல ஜானகின்னு ஒருத்தங்க நாலு தடவை வர்றாங்க. நாலு ஜானகியா?"

"ஒரே ஜானகிதான் சார். அவங்க ஏரியாவுல கரண்ட் போயிப் போயி வரும். ஒவ்வொரு தடவையும் திரும்ப உள்ள வருவாங்க."

"அப்ப ஒண்ணுன்னு போட்டுக்கறேன்."

"உள்ள வர்றதுக்கு அவங்க பட்ட பாட்டுக்கு நாலு போடலாம் சார்."

அவர் சிரித்தார். ஆனால் ஒன்றுதான் போட்டார்.

அதற்கடுத்த வருடம் தலைமை அலுவலகம் ஒரு முடிவெடுத்தது. ஆள் குறைவாக வரும் இணைய நிகழ்ச்சிகளை நிறுத்திவிடுவது. அன்று மாலை எங்கள் கிளையின் ஐந்து பேரையும் கூப்பிட்டு உட்கார்த்தி ஒரு திட்டம் போட்டேன். காலையில் வந்து ஊதுபத்தி ஏற்றியதும், வாசகர்களுக்கான கணினிகள் அத்தனையிலும் எங்கள் கதைப் பதிவை ஓடவிட வேண்டும். சத்தத்தை மூடிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கலாம். இதில் எங்களுக்குத் தப்பாகவே எதுவும் படவில்லை. நம் கடையில் நாமே போணி பண்ணுவது மாதிரி என்று நினைத்துக்கொண்டோம். அந்த மாதம் பதிவுக்கு மட்டும் நானூற்றுச் சொச்சம் என்று நிமிர்ந்து எழுதி அனுப்பினேன்.

சார் இந்த முறை போன் பண்ணவில்லை. நேரில் வந்தார். மேஜை மேல் ஒரு தாளை வைத்தார்.

"எல்லாமே காலைல ஒம்பது மணி, ஒம்பது அஞ்சு. பூரா உங்க கிளையிலேருந்து. இதையெல்லாம் எடுத்துட்டா முப்பத்தெட்டு நிக்குது மேடம்."

"எல்லாக் கிளையிலயும் இப்படித்தான் சார் பண்றாங்க. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க. முப்பத்தெட்டுன்னு போனா நிகழ்ச்சியை மூடிடுவாங்க."

"இல்லாத ஆளை எண்ணிட்டா, இருக்கற ஆளை அப்புறம் யாரும் தேட மாட்டாங்க."

எனக்கு வந்த கோபத்தில் என் குரல் வாசிப்பு அறை வரை கேட்டிருக்கும். "உங்களுக்குக் கதையெல்லாம் கேக்கத் தெரியாது சார், தலையை எண்ணத்தான் தெரியும்" என்றேன். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வாசலில் செருப்பை நிதானமாக மாட்டிக்கொண்டு போனார். படிவத்தில் முப்பத்தெட்டுதான் போனது. நான் அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

பிறகு நடந்ததை அவர் என்னிடம் சொல்லவில்லை, சந்தாபுராவிலிருந்து எனக்குப் போன் செய்த ஒரு பெண் சொன்னாள். எங்கள் நேரலையில் 'லதா' என்ற பெயரில் வாராவாரம் ஒரு திரை வரும். முகம் தெரியாது. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை இருக்கும், ஒரு வார்த்தை பேசாது. யாரோ போனைத் திறந்து வைத்துவிட்டுச் சமைக்கப் போய்விடுகிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். சார் உறுப்பினர் பதிவேட்டிலிருந்து எண்ணைத் தேடி லதாவிடம் பேசி, ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிச் சந்தாபுராவுக்கே போயிருக்கிறார். அது ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்யும் பெண்கள் தங்கியிருக்கும் வீடு. ஷிப்ட் முடிந்து வந்து, டப்பா ஒன்றில் போனைச் சாய்த்து வைத்து, ஒன்பது பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்களாம்.

"எதுக்குக் கேமராவை மூடி வெச்சிருக்கீங்கன்னு சார் கேட்டாரு மேடம். நாங்க அப்பதான் வந்து நைட்டியிலே உக்காந்திருப்போம், எப்படித் திறக்கறதுன்னு சொன்னோம். ஒம்பது பேரு பேரையும் எழுதிக்கிட்டாரு. டீ குடிச்சாரு. உங்க கதை முடியற வரைக்கும் எழுந்திரிக்கல" என்றாள் லதா.

ஒன்று என்று நான் எழுதிய இடத்தில் ஒன்பது பேர். நான் வாசிக்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, ஒரு நாளும் அவர்களைக் கேட்டதில்லை. உண்மையைச் சொல்கிறேன், வெட்கமாக இருந்தது. அந்த வாரத்திலிருந்து கதை ஆரம்பிக்கும் முன், "உங்க போன் முன்னாடி எத்தனை பேர் இருக்கீங்க?" என்று கேட்க ஆரம்பித்தேன். ஆனேக்கல்லில் ஒரு வீட்டில் மூன்று பேர். இன்னொரு திரையில் ஒரு கணவன் மனைவி, பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொண்டு. எண்ணிக்கை கூடியது. ஆனாலும் நானூற்றுக்குக் கிட்டத்தில்கூட வரவில்லை.

நிகழ்ச்சிகளை நிறுத்துவதற்கான கூட்டம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். எங்கள் பெயர் பட்டியலில் கடைசிக்குக் கொஞ்சம் மேலே. பெரிய அதிகாரி பேனாவைத் திறந்துவிட்டார். கூட்டங்களில் தண்ணீர் பாட்டிலைத் தவிர வேறெதையும் திறக்காத சம்பங்கி சார் எழுந்து நின்றார். "சார், பாக்கி நிகழ்ச்சிக்கெல்லாம் நம்பர் இருக்கு. இதுக்கு ஆள் இருக்காங்க. பேர் படிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கன்னடத்திலும் தமிழிலுமாகப் படித்தார். லதா, சந்தாபுரா. அவளோடு எட்டுப் பேர். ஜானகி, ஒரு தடவை. கண் தெரியாத ஒருவர், பதிவை நாலு முறை கேட்பவர், ஆனால் ஓர் ஆள். அதிகாரி பாதியிலேயே கையைக் காட்டி, "சரி, சரி, நடக்கட்டும்" என்றார். சார் அதற்குப் பிறகும் மீதிப் பெயர்களைப் படித்து முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும் "தேங்க்ஸ் சார்" என்றேன். "எதுக்கு மேடம், இருந்ததைத்தானே படிச்சேன்" என்றார். அன்று கோபத்தில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வாய் வரை வந்தது. சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், அடுத்த தடவை கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்த அடுத்த தடவை வரவேயில்லை. இனி வரவும் வராது.

மூன்றாம் நாள் தொம்மலூரில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி விமலா அக்காவை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "அக்கா" என்று நான் பேச ஆரம்பித்ததுமே அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஸ்டெல்லாதானே? குரலை வெச்சே தெரிஞ்சுடுச்சும்மா. ஞாயித்துக்கிழமை டிபன் முடிஞ்சதும் உங்க கதையைப் போட்டுட்டு உக்காந்துடுவாரு. நடுவுல நான் பேசினா கையைக் காட்டுவாரு. முடிஞ்சாத்தான் காப்பியே கேப்பாரு."

"எத்தனை நாளா அக்கா?"

"நீங்க ஆரம்பிச்ச நாள்லேருந்து."

அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

அவர் பார்த்த வேலையைத் தற்காலிகமாக என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். பழைய படிவங்களை எடுத்துப் பார்த்தேன். பதிவுக் கணக்கின் அடியில் அவர் கையால் கோடு போட்டுச் சேர்த்த ஒரு வரி இருக்கிறது: 'ஊழியர் பார்வை, கழிக்க.' எங்கள் கிளையின் தாளில் மட்டும் வாரத்துக்கு ஒன்று, ஒரு வாரம்கூடத் தவறாமல். நாங்கள் காலையில் ஓடவிட்ட அந்த மாதத்துக்கு முன்னாலும் அது இருக்கிறது, பின்னாலும் இருக்கிறது. அந்த ஒரு மாதம் தவிர எங்களில் யாரும் பதிவைத் திறந்ததில்லை. ஒவ்வொரு ஞாயிறும் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, மறுநாள் அலுவலகம் வந்து தன்னைத்தானே கழித்திருக்கிறார்.

புதுப் படிவத்தில் அந்த வரி தேவையில்லை என்கிறார்கள். நான் எடுக்கவில்லை. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு வரிதான். இந்த மாதக் கணக்கை நேற்று முடித்தேன். நேரலைக்கு வந்தவர்களைப் பெயர் பெயராக எழுதினேன், பதிவைப் பார்த்தவர்களை எண்ணினேன். அவருடைய வரிக்கு வந்தபோது பேனா கொஞ்சம் நின்றது. பிறகு பூஜ்யம் என்று எழுதினேன்.