அமாவாசையில் வராத லத்தீன்

பள்ளிக்கூடத்தில் பொருள் புரியாமல் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள் என்று சொல்லித்தான் பிரேமகுமாரி தன் மகள் சுஜாவை நான்காம் வகுப்போடு நிறுத்தினாள். கத்தோலிக்கக் குடும்பங்களுக்கென்று நடக்கும் ஓர் இணையவழிப் பள்ளியின் விளம்பரம் பங்குக் கோயில் பெண்கள் குழுவில் வந்திருந்தது. வீட்டிலேயே படிப்பு, அம்மாதான் டீச்சர், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் மடிக்கணினியில் வகுப்பு. கணக்கு, மறைக்கல்வி, பழங்கால வரலாறு, எல்லாவற்றுக்கும் மேலே லத்தீன்.

அவள் கணவன் டேவிட்சன் திருத்தணி பஜாரில் எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டுகிறவன். அவனுக்கு இது பிடிக்கவில்லை.

"லத்தீன் படிச்சிட்டு யாராண்ட பேசப் போறா? ரோமாபுரியில இருந்து வந்து எவனாச்சும் திருப்பதி பஸ் எங்க நிக்கும்னு கேக்கப் போறானா?"

"கேட்டா சொல்றதுக்கு ஊர்ல ஒரு ஆள் வேணும் இல்லீங்களா?"

கடைசியில் ஓர் ஆண்டு என்று பேசி முடித்தார்கள். வருடக் கடைசி வாய்மொழித் தேர்வில் சுஜா தவறினால் ஜூன் மாதம் கான்வென்ட் பள்ளி. டேவிட்சன் அதற்கான படிவத்தை அப்போதே வாங்கி வந்து, மாதா சுரூபத்துக்கு அடியில் வைத்துவிட்டான். தினமும் ஜெபம் செய்யும்போது பிரேமகுமாரி மாதாவோடு அந்தப் படிவத்தையும் சேர்த்தே கும்பிட வேண்டியிருந்தது.

மகளுக்கு ஒரு பாடம் முன்னால் தான் படித்துக்கொண்டு அவள் கற்றுக்கொடுத்தாள். சுஜா சுவரோரம் உட்கார்ந்து, கால் பெருவிரலை ஆட்டிக்கொண்டே லத்தீன் வினைச்சொற்களைக் கடகடவென்று ஒப்பிப்பாள். ஆனால் மாதத்தில் ஒரு நாள் மட்டும் ஒரு வரிகூட வராது. நாட்காட்டியைப் பார்த்தால் அன்றைக்கு அமாவாசையாக இருக்கும். நான்கு மாதம் தொடர்ந்து இப்படி நடந்ததும் பிரேமகுமாரிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இதையெல்லாம் நம்புவது பாவம் என்று கோயிலில் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாள்.

"அமாவாசைக்கும் லத்தீனுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று சிரித்த ஃபாதர், மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பினார்.

சொன்னாள். ஆனாலும் தேர்வுத் தேதி வந்தவுடன் முதல் வேலையாக நாட்காட்டியைத்தான் பார்த்தாள். அமாவாசை முடிந்து இரண்டாம் நாள். நிம்மதியாக மூச்சு விட்டாள்.

தேர்வன்று காலை பதினோரு மணி. அறைக்குள் சுஜா மட்டும்தான் இருக்கலாம், பெரியவர்கள் வாயே திறக்கக் கூடாது என்பது விதி. மடிக்கணினித் திரையில் தேர்வு நடத்தும் பிரிஸில்லா மிஸ். பிரேமகுமாரி கதவுக்கு வெளியே ஜெபமாலையோடு நின்றாள்.

"அமோ, அமாஸ், அமாத்..." சுஜா தட்டுத்தடுமாறி ஆரம்பித்தாள். மூன்றாவது சொல்லோடு நின்றாள். பெருவிரலும் நின்றது.

அப்போதுதான் பிரேமகுமாரிக்கு உறைத்தது. வீடே அமைதியாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் விடியற்காலையிலிருந்து 'டக்கடி டக்கடி' என்று ஓடும் பக்கத்து வீட்டு கஜபதியின் விசைத்தறி நின்றிருந்தது. அமாவாசையன்று தறிக்காரர்கள் தறி ஓட்ட மாட்டார்கள்! பிள்ளை ஓராண்டாகத் தறிச் சத்தத்தைத் தாளமாகப் பிடித்துக்கொண்டுதான் லத்தீன் சொல்லியிருக்கிறாள்.

செருப்புகூடப் போடாமல் பக்கத்துத் தறிக் கொட்டகைக்கு ஓடினாள்.

"அண்ணா, தறிய ஓட்டுங்கண்ணா!"

"மோட்டாரு பொகஞ்சிட்சிம்மா" என்றார் கஜபதி. "உங்க வூட்டுக்காரருதான் இப்ப கழட்டினாரு. அவராண்ட கேளு."

கடையில் இருப்பான் என்று அவள் நினைத்த டேவிட்சன், பிரித்த மோட்டாரை மடியில் வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தான். யாரிடம் சொல்லக் கூடாதோ அவனிடமே சொல்ல வேண்டியதாயிற்று.

"தறி ஓடினாதாங்க சுஜாவுக்கு லத்தீன் வருது."

டேவிட்சன் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ ஒரு வருசமா கொழந்த படிக்கல, தறிதான் படிச்சிகினு இருந்துச்சி. மனப்பாடம் கூடாதுன்னுதான வெளியில இட்டாந்த?"

"ஆங், தப்புதான். திட்டுறத மத்தியானம் திட்டுங்க. இப்ப எதுனா பண்ணுங்க!"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அழுகையை அடக்கிய குரல் கேட்டது. "மிஸ், ஒரு நிமிசம் மிஸ்..."

டேவிட்சன் மோட்டாரைக் கீழே வைத்தான். தறியின் இரும்புச் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றத் தொடங்கினான். டக்... டக்கடி... டக்கடி. சுவரைத் தாண்டி லத்தீன் மறுபடி கிளம்பியது. அவன் கை மாற்றும்போது இழுத்தது. வேகம் பிடித்தபோது பறந்தது.

"மெதுவா நைனா, நூல் அறுந்துடும்!" என்று கஜபதி கத்தினார்.

பிரேமகுமாரி திரும்பி ஓடிவந்தபோது ஒப்பித்தல் முடிந்திருந்தது. தறியும் ஓய்ந்திருந்தது.

"பொதுவா பிள்ளைங்க இதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பாங்க" என்றார் பிரிஸில்லா மிஸ். "நீ உருகி, நிறுத்தி, உணர்ந்து சொல்றே. சரி, இப்போ அர்த்தம் கேக்கறேன்."

பிரேமகுமாரி கதவைப் பிடித்துக்கொண்டாள். அந்த அமைதியில் சுஜா ஒவ்வொன்றுக்கும் பொருள் சொன்னாள். பெருவிரல் ஆடவே இல்லை.

தேர்ச்சி என்றார் மிஸ். பிரேமகுமாரிக்கு மனசாட்சி கேட்கவில்லை. உள்ளே வந்து தறி விஷயத்தை ஒளிக்காமல் சொன்னாள். மிஸ் வெகுநேரம் விதிமுறைகளைப் புரட்டினார்.

"தறியைப் பத்தி இதில ஒண்ணும் போடலையே" என்றார்.

மதியம் டேவிட்சனால் சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. இடது கையில் கரண்டி.

"நான் சுத்தினதுக்கு இன்னாம்மா அர்த்தம்?"

"நான் நேசிக்கிறேன், நீ நேசிக்கிறாய், அவன் நேசிக்கிறான்" என்றாள் சுஜா.

"இதுக்கா தோள்பட்டைய கழட்டிகினேன்?"

பிரேமகுமாரி மாதாவுக்கு அடியிலிருந்து படிவத்தை உருவினாள்.

"கிழிச்சிடட்டுங்களா?"

"அங்கியே வையி. அடுத்த அமாவாச அன்னிக்கி எங்கிட்ட ஒப்பிக்கட்டும். அப்பறம் கிழிக்கலாம்."

படிவம் மாதாவின் காலடிக்கே போனது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கஜபதி கத்தினார்.

"டேவிட்டு, நேசிச்சது போதும், மோட்டார வந்து மாட்டுப்பா!"